1942 ஏப்ரல் 9: தில்லியும் திருகோணமலையும்

நம் தில்லி அங்கத்தினர்களுக்கு லோதி ரோடு மிகவும் பரிச்சயமான சாலை. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளி, சர்க்கார் குவார்ட்டர்ஸ், காலையில் நடக்கப் போகும் லோதி தோட்டம் என்று எல்லாமே அந்தச் சாலையை ஒட்டித்தான். அந்தத் தோட்டம் 'லேடி வில்லிங்டன் பார்க்' என்ற பெயரில் திறக்கப்பட்டது 1936 ஏப்ரல் 9 அன்று. சரியாக ஆறு வருஷங்கள் கழித்து, அதே தேதியில், நம் தேசத்தின் போக்கையே மாற்றிய ஒரு பேச்சுவார்த்தை அதே புது தில்லியில் முறிந்தது.

இரண்டாம் உலக யுத்தம் நம் வாசலுக்கே வந்துவிட்ட சமயம் அது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூரும் மார்ச்சில் ரங்கூனும் ஜப்பானியர் வசமாயின. இந்தியரின் ஒத்துழைப்பைப் பெற, பிரிட்டிஷ் மந்திரி சர் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் தில்லி வந்தார். யுத்தம் முடிந்த பிறகு டொமினியன் அந்தஸ்து. ஆனால் விரும்பாத மாகாணங்கள் விலகிக்கொள்ளலாம். யுத்தம் நடக்கும்வரை பாதுகாப்புப் பொறுப்பு யார் கையில்? பேச்சு அங்கேதான் சிக்கிக்கொண்டது.

ஏப்ரல் 5-ல் கொழும்பு மீதும், 6-ல் விசாகப்பட்டினம், காக்கிநாடா மீதும் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. சென்னைவாசிகள் குழந்தை குட்டிகளோடு ரயிலேறி சொந்த ஊர்களுக்குக் கிளம்பினார்கள். உயர் நீதிமன்றமே கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது.

9-ம் தேதி காலை திருகோணமலை தாக்கப்பட்டது. மட்டக்களப்புக்கு அருகே 'ஹெர்மிஸ்' என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கி 307 பேர் மாண்டனர். பிலிப்பைன்ஸில் பட்டான் படைகள் சரணடைந்ததும் அதே நாளில்தான்.

அன்று மாலை தில்லியில் காங்கிரஸ் தலைவர் மௌலானா ஆசாதும் நேருவும் கிரிப்ஸைச் சந்தித்தனர். புதிய நிர்வாக சபை உண்மையான மந்திரிசபை போல இயங்குமா என்று கேட்டனர். அவரால் உறுதி சொல்ல முடியவில்லை. மறுநாள் காங்கிரஸின் நிராகரிப்புக் கடிதம் போயிற்று. 12-ம் தேதி கிரிப்ஸ் ஊர் திரும்பினார்.

அந்த மாலை தில்லியில் யாரும் அறியாத சங்கதி ஒன்று உண்டு. ஜப்பானியக் கப்பற்படை அன்றே கிழக்கு நோக்கித் திரும்பத் தொடங்கியிருந்தது! ஜூனில் மிட்வே யுத்தத்தில் ஜப்பான் 4 விமானந்தாங்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றில் 3 இலங்கையைத் தாக்கியவை. நம் கரைக்கு அவை திரும்பி வரவேயில்லை. பயம் உச்சத்தில் இருந்த நாளிலேயே ஆபத்து விலக ஆரம்பித்துவிட்டது.

இதை மனதில் வைத்துத்தான் ராஜாஜியின் செய்கையையும் பார்க்க வேண்டும். எதிரி கரையிலிருக்க, பொறுப்பை ஏற்காமல் ஒதுங்கலாகாது என்பது அவர் கட்சி. ஏப்ரல் 23-ல் சென்னை காங்கிரஸ் சட்டசபை உறுப்பினர்களைக் கூட்டி, முஸ்லிம் லீக்கின் பிரிவினைக் கோரிக்கையை ஏற்றாவது தேசிய சர்க்கார் அமைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றினார். அலகாபாத்தில் அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி 120-க்கு 15 என்ற வாக்கில் அவர் யோசனையைத் தள்ளியது. ஜூலையில் காங்கிரஸிலிருந்தே விலகினார். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' இயக்கம், தலைவர்கள் சிறையில்.

யார் செய்தது சரி என்று இன்று தீர்ப்புச் சொல்வது சுலபம். நமக்கு முடிவு தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அன்றைய தந்திச் செய்திகள்தான். 'எவாக்குவேஷன்' காலத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொன்னது நினைவிருந்தால், அங்கத்தினர்கள் எழுதி வைப்பது நல்லது. அடுத்த தலைமுறைக்கு அதுவும் சரித்திரமே.