கட்டணுமா, கட்டியே ஆகணுமா? செஞ்சியின் ஒரு பழைய பாக்கி

தேசிங்கு ராஜனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு எழுத உட்கார்ந்தேன். ‘நவாபுக்குப் பணம் கட்ட வேண்டும்’ என்ற இடத்தில் பேனா நின்னுடுச்சு. மஸ்ட் போடுவதா, ஹேவ் டு போடுவதா, ஆட் டு போடுவதா? யோசித்துப் பார்த்தால், 1714-இல் நடந்த சண்டையே இந்தக் கேள்வியின் மேல்தான்.

எட்டு ஆண்டு முற்றுகைக்குப் பிறகு 1698-இல் முகலாயர் செஞ்சியைப் பிடித்தார்கள். பின்னர் புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங் கோட்டைக்குத் தலைவரானார். 1714-இல் அவர் இறந்தபோது பெரிய பாக்கி நின்றது. 70 லட்சம் ரூபாய் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கான் அதை மகன் தேஜ் சிங்கிடம் கேட்டார். அவர்தான் நம்ம தேசிங்கு.

‘மஸ்ட்’ பெரும்பாலும் சொல்பவரின் அதிகாரத்தில் நிற்கும் சொல். ‘நான் சொல்றேன், கட்டு’ என்கிற மாதிரி. நவாபின் குரல் இது. ‘ஹேவ் டு’ வெளியே இருக்கிற ஒரு விதியைக் காட்டும்: சட்டம், சாசனம், ஒப்பந்தம். தேசிங்கு பிடித்துக்கொண்டது இதைத்தான். கோட்டை என் தந்தைக்கு ஔரங்கசீப் கொடுத்தது, ஆகவே நவாபுக்குக் கட்ட வேண்டியதில்லை என்பது அவர் வாதம்.

எதிர்மறையில் வித்தியாசம் இன்னும் பெரிசு. ‘மஸ்ட் நாட்’ என்றால் செய்யக் கூடாது. ‘டோன்ட் ஹேவ் டு’ என்றால் செய்யணும்னு கட்டாயமில்லை, அவ்வளவுதான். ஆனால் ‘கட்ட வேண்டியதில்லை’ என்பது பணம் கேட்பவர் காதில் ‘கட்ட மாட்டேன்’ என்றுதானே விழும்? 1714 அக்டோபர் 3 அன்று தேசிங்கு போர்க்களத்தில் இறந்தார். வயது 22 என்கிறார்கள்.

மிச்சம் ‘ஆட் டு’. யாரும் மிரட்டாவிட்டாலும் செய்வதுதான் முறை என்கிற சொல். கடன்பட்டிருப்பதைச் சொல்லும் ‘ஓ’ என்ற ஆங்கில வினையின் பழைய இறந்தகால வடிவம்தான் இந்த ‘ஆட்’. நமக்கும் அதே கதைதான். ‘கடன்’ என்றால் வாங்கிய பணம், செய்ய வேண்டிய முறை இரண்டும். சோழர் கல்வெட்டுகளில் ‘கடமை’ என்பது நிலவரியின் பெயர். இன்று அதையே நெறி என்ற பொருளில் சொல்கிறோம்.

ஆக, அப்பா வைத்த பாக்கி மகனுக்குக் கடனா, கடமையா, வெறும் கட்டளையா? தமிழில் எழுதும்போது ‘வேண்டும்’ இந்த மூன்றையும் மூடிவிடுகிறது. ஆங்கிலத்தில் ஏதாவது ஒரு சொல்லைப் போட்டதுமே நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறேன். கடைசியில் ‘நவாபு கேட்டார், தேசிங்கு மறுத்தார்’ என்று மட்டும் எழுதி வைத்தேன்.