பேஸ்பால் வீரர்கள் பெற்ற உரிமை



மாலை வேளையில் பள்ளித் திடலில் நம் பிள்ளைகள் ரவுண்டர்ஸ் ஆடுவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒருவர் பந்தை எறிகிறார். மற்றொருவர் அதைக் கட்டையால் அடித்துவிட்டு, கம்பு நட்ட இடங்களை ஒவ்வொன்றாகக் கடந்து ஓடுகிறார். பந்து திரும்பி வருவதற்குள் சுற்றி வந்துவிட்டால் புள்ளி கிடைக்கிறது. அமெரிக்க மக்கள் தங்கள் நாட்டு ஆட்டம் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் பேஸ்பாலும் ஏறக்குறைய இத்தகையதுதான். அணிக்கு 9 பேர். நான்கு தளங்களைச் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஆட்டத்துக்கு 9 சுற்றுகள்.

இந்த ஆட்டத்தில் யார் எத்தனை பந்து அடித்தார் என்ற கணக்கை இன்று நாம் சொல்லப் போவதில்லை. பார்க்கிற நமக்கு அது விளையாட்டு. ஆடுகிறவருக்கோ அதுவே பிழைப்பு. பிழைப்பு என்றால் கூலி உண்டு, முதலாளி உண்டு, ஒப்பந்தமும் உண்டு. அந்த ஒப்பந்தத்தில் இருந்த ஒரு விதி 100 ஆண்டுக் காலத்துக்குச் சற்றுக் குறைவாக ஆட்டக்காரர்களைக் கட்டிப் போட்டிருந்தது. அந்தக் கட்டு எப்படி விழுந்தது, எப்படி அவிழ்ந்தது என்பதே இன்றைய உரை.

1869-ஆம் ஆண்டில் சின்சினாட்டி நகரத்துச் சிவப்புக் காலுறை அணி, தன் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் வெளிப்படையாகச் சம்பளம் கொடுத்து ஆடவைத்தது. அதுவரை பொழுதுபோக்காக இருந்த ஆட்டம் அன்று முதல் தொழிலாயிற்று. அந்த அணியின் சிறந்த ஆட்டக்காரரான ஜார்ஜ் ரைட் அந்தப் பருவத்துக்கு 1,400 டாலர் பெற்றார். அக்காலத்தில் அது நல்ல சம்பளமே. 1876-இல் பல நகரத்து அணிகள் கூடி தேசிய லீக் என்னும் அமைப்பை ஏற்படுத்தின.

சம்பளம் வந்ததும் போட்டியும் வந்தது. ஓர் அணியில் 1,000 டாலர் வாங்குகிற ஒருவர், மற்றோர் அணி 1,500 தருவதாகச் சொன்னால் அங்கே போய்விடுவார். முதலாளிகளுக்கு இது பிடிக்கவில்லை. 1879-ஆம் ஆண்டில் அவர்கள் கூடி ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஒவ்வோர் அணியும் ஐந்து ஆட்டக்காரர்களைத் தனக்கென்று குறித்துக்கொள்ளலாம். குறிக்கப்பட்டவரை வேறெந்த அணியும் வேலைக்கு எடுக்கக் கூடாது. இதுவே ரிசர்வ் விதி எனப்பட்டது. ஐந்து பேரில் தொடங்கிய வழக்கம் சில ஆண்டுகளில் அணியிலுள்ள ஏறக்குறைய அனைவரையும் பிடித்துக்கொண்டது.

அதன் பொருள் என்ன? ஆட்டக்காரர் கையெழுத்திடுவது ஓராண்டு ஒப்பந்தத்தில்தான். ஆனால் ஆண்டு முடிந்ததும் அவர் வேறிடம் போக முடியாது. தருகிற சம்பளத்தை வாங்கிக்கொண்டு அதே அணியில் ஆடலாம். அல்லது ஆட்டத்தையே விட்டுவிடலாம். முதலாளியோ அவரை எந்த நாளிலும் வேறோர் அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், வேண்டாம் என்று அனுப்பியும் விடலாம். கயிற்றின் ஒரு முனை மட்டுமே கட்டப்பட்டிருந்தது; மறு முனை முதலாளியின் கையில் இருந்தது. இந்த விதி இல்லாவிட்டால் பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வாங்கிவிடும், ஆட்டமே கெட்டுவிடும் என்பது முதலாளிகள் சொன்ன காரணம்.

இதை எதிர்த்து முதலில் எழுந்தவர் ஜான் மான்ட்கோமரி வார்ட். இவர் நியூயார்க் அணியில் ஆடிக்கொண்டே சட்டம் படித்துப் பட்டம் பெற்றவர். 1885-இல் ஆட்டக்காரர்களின் முதல் சங்கத்தை அமைத்தார். 1890-இல் வார்டும் அவருடைய தோழர்களும் முதலாளிகளை விட்டு விலகி, தங்களுக்கென்று ஒரு லீக்கையே தொடங்கினார்கள். ஆனால் அதற்குப் பணம் போட்டவர்கள் நட்டத்தைக் கண்டு பின்வாங்கினார்கள். ஒரே பருவத்தில் அந்த லீக் மறைந்தது. ஆட்டக்காரர்கள் பழைய கட்டுக்கே திரும்பினார்கள். 1922-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் முதலாளிகளுக்குத் துணையாயிற்று. பேஸ்பால் ஆட்டம் மாநிலங்களுக்கிடையே நடக்கும் வணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகத்தைத் தடுக்கும் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று அது தீர்ப்பளித்தது.

நேயர்களே, இந்தக் கட்டுக்குள் வருவதற்குக்கூட ஒரு சாராருக்கு உரிமை இல்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கறுப்பின மக்களுக்குப் பெரிய லீக்குகளின் கதவு அடைக்கப்பட்டிருந்தது. எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை; முதலாளிகள் தமக்குள் வைத்துக்கொண்ட வழக்கம் அது. கறுப்பின ஆட்டக்காரர்கள் தங்களுக்கெனத் தனி லீக்குகள் நடத்தினார்கள்.

அந்தக் கதவைத் திறந்தவர் ஜாக்கி ராபின்சன். 1919-இல் ஜார்ஜியா மாநிலத்தில், பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டுப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். தந்தை குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயார் ஐந்து பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு இரயிலேறிக் கலிபோர்னியா சென்று, வீட்டு வேலை செய்து அவர்களை வளர்த்தார். ராபின்சன் பல்கலைக்கழகம் வரை படித்தார். பின்னர் இராணுவ அதிகாரியானார்.

1945-இல் புரூக்ளின் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி அவரை அழைத்துப் பேசினார். திட்டுவார்கள், அவமானப்படுத்துவார்கள், திருப்பி அடிக்காமல் இருக்கும் துணிச்சல் உனக்கு உண்டா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். ராபின்சன் ஒப்புக்கொண்டார். 1947 ஏப்ரல் 15-ஆம் நாள், 25 ஆயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த புரூக்ளின் திடலில் 42 என்ற எண் பொறித்த சட்டையோடு இறங்கினார். அன்று அவர் பெரிதாக ஒன்றும் அடித்துவிடவில்லை. ஓர் ஓட்டம் எடுத்தார், அவருடைய அணி வென்றது. ஆயினும் அந்த நாளோடு பழைய வழக்கம் உடைந்தது. அந்தப் பருவம் முழுவதும் எதிரணியினரின் ஏச்சையும் மிரட்டல் கடிதங்களையும் பொறுத்துக்கொண்டு ஆடினார். ஆண்டின் சிறந்த புதிய ஆட்டக்காரர் என்ற விருதைப் பெற்றார். இன்று எல்லா அணிகளும் அவர் நினைவாக 42 என்ற எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று வைத்திருக்கின்றன. 1997-இல் அப்படி முடிவு செய்தார்கள்.

ராபின்சன் திறந்த கதவின் வழியே வந்தவர்களில் ஒருவர் கர்ட் ஃபிளட். 1938-இல் பிறந்தவர். இளைஞராகத் தென் மாநிலங்களில் ஆடியபோது, தம் அணியினரோடு ஒரே உணவகத்தில் உட்கார்ந்து சாப்பிடக்கூட அவருக்கு அனுமதி இல்லை. அதையெல்லாம் தாண்டி செயின்ட் லூயிஸ் அணியில் 12 ஆண்டுகள் ஆடினார். திடலின் நடுக்கோடியில் நின்று பந்தைப் பிடிப்பதில் அவருக்கு நிகரானவர் அரிது. பந்துத் தடுப்பில் சிறந்தவர்களுக்குத் தரும் தங்கக் கையுறை விருதை 1963 முதல் தொடர்ந்து ஏழு முறை பெற்றார். 1969-இல் அவருடைய சம்பளம் 90,000 டாலர்.

அந்த ஆண்டு அக்டோபரில் அவருக்கு ஒரு செய்தி வந்தது. அவரைப் பிலடெல்பியா அணிக்கு மாற்றிவிட்டார்கள். அவரைக் கேட்கவில்லை, கலந்து பேசவும் இல்லை. வீடு, வாசல், நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டுப் புறப்பட வேண்டும்.

ஃபிளட் புறப்படவில்லை. டிசம்பர் 24-ஆம் நாள் பேஸ்பால் தலைமை ஆணையர் பவி கூனுக்குக் கடிதம் எழுதினார். தம் விருப்பத்தைக் கேளாமல் வாங்கவும் விற்கவும் தாம் ஒரு சொத்து அல்லர் என்றும், மற்ற அணிகள் தம்மை அழைத்தால் அதைக் கேட்டு முடிவு செய்யத் தமக்கு உரிமை உண்டு என்றும் அதில் தெரிவித்தார். ஆணையர் மறுத்தார். ஃபிளட் வழக்குத் தொடர்ந்தார்.

90,000 டாலர் வாங்குகிறவருக்கு என்ன குறை என்று ஏளனம் செய்தவர்கள் பலர். எவ்வளவு நல்ல சம்பளம் கொடுத்தாலும் அடிமை அடிமைதான் என்பதே அவர் அளித்த பதிலின் கருத்து. இந்த வழக்கில் வெல்வது கடினம், வென்றாலும் உமக்கு ஒரு காசும் வராது என்று ஆட்டக்காரர் சங்கத் தலைவர் மார்வின் மில்லர் முன்னதாகவே எச்சரித்திருந்தார். மற்ற ஆட்டக்காரர்களுக்கும் இனி வரப்போகிறவர்களுக்கும் நன்மை உண்டா என்று ஃபிளட் கேட்டார். உண்டு என்றார் மில்லர். அது போதும் என்று ஃபிளட் துணிந்துவிட்டார்.

1970 மே மாதம் நியூயார்க்கில் வழக்கு நடந்தது. அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட வந்து அவர் பக்கத்தில் உட்காரவில்லை. தங்கள் பிழைப்புக்கு என்ன ஆகுமோ என்ற அச்சம். ஆட்டத்தை விட்டு விலகியிருந்த பழையவர்கள் சிலர் வந்தார்கள். தலை நரைத்து, உடல் நலிந்திருந்த ஜாக்கி ராபின்சன் அவர்களில் ஒருவர். அவர் சாட்சிக் கூண்டில் ஏறி ஃபிளட்டுக்காகப் பேசினார்.

1972 ஜூன் 19-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஐவர் எதிர்ப்பு, மூவர் ஆதரவு. ஃபிளட் தோற்றார். மற்ற விளையாட்டுகளுக்கெல்லாம் ஒரு சட்டம், பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு என்பது முரண்பாடுதான் என்று நீதிமன்றமே ஒப்புக்கொண்டது; ஆனால் அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டது. 1970-ஆம் ஆண்டு முழுவதும் ஃபிளட் ஆடவில்லை. 1971-இல் வாஷிங்டன் அணியில் 13 ஆட்டங்கள் ஆடிப் பார்த்தார். மனமும் உடலும் இடங்கொடுக்கவில்லை. அணியை விட்டு நீங்கி ஸ்பெயின் நாட்டுக்குப் போய்விட்டார்.

கதை அத்துடன் முடிந்திருந்தால் நாம் இன்று அதைப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். நீதிமன்றத்தில் மூடிய வழியைச் சங்கம் வேறிடத்தில் திறந்தது. சங்கம் என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மில்லர் எஃகுத் தொழிலாளர் சங்கத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிவிட்டு 1966-இல் ஆட்டக்காரர் சங்கத்துக்கு வந்தவர். அப்போது குறைந்தபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 6,000 டாலர். 1968-இல் அதை 10,000 டாலராக உயர்த்தினார். 1970-இல் அதைவிடப் பெரியதொன்றைப் பெற்றார். ஒப்பந்தத் தகராறுகளை இரு தரப்புக்கும் பொதுவான நடுவர் விசாரிக்க வேண்டும் என்பதே அது. 1972 ஏப்ரலில் ஓய்வூதியத்துக்காக ஆட்டக்காரர்கள் 13 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 86 ஆட்டங்கள் நின்றுபோயின. ஆட்டக்காரர்கள் ஒற்றுமையாக நிற்கமாட்டார்கள் என்று எண்ணியிருந்த முதலாளிகள் இறங்கி வந்தார்கள்.

1975-இல் ஆண்டி மெசர்ஸ்மித், டேவ் மெக்னலி என்னும் இரு பந்தெறியாளர்கள் புது ஒப்பந்தத்தில் கையெழுத்திடாமலே ஆடினார்கள். மெக்னலி நடுப்பருவத்தில் ஓய்வு பெற்று ஊர் திரும்பிவிட்டார். அவருக்கு இதில் சொந்த இலாபம் ஏதுமில்லை. பணம் தருகிறோம், கையெழுத்துப் போடும் என்று அணியினர் அவரைத் தேடி வந்தபோதும் அவர் இசையவில்லை. மற்றவர்களுக்காக வழக்கில் பெயரை நிறுத்திக்கொண்டார்.

நடுவர் பீட்டர் சைட்ஸ் ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தார். ஆட்டக்காரர் கையெழுத்திடாவிட்டால் ஒப்பந்தத்தை மேலும் ஓராண்டுக்கு அணி நீட்டிக்கலாம் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஓராண்டு முடிந்ததும் மறுபடி ஓராண்டு, பிறகும் ஓராண்டு என்று வாழ்நாள் முழுவதும் நீட்டலாம் என்பது முதலாளிகளின் வாதம். ஓராண்டு என்று எழுதியிருந்தால் ஓராண்டுதான் என்றார் சைட்ஸ். 1975 டிசம்பர் 23-ஆம் நாள் வந்த அந்தத் தீர்ப்பால் இருவரும் விடுதலையானார்கள். ஃபிளட் கடிதம் எழுதி ஒரு நாள் குறைய ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதலாளிகள் சைட்ஸை உடனே வேலையிலிருந்து நீக்கினார்கள், நீதிமன்றங்களுக்கும் போனார்கள். ஆனால் தீர்ப்பு நின்றது. 1976-இல் இரு தரப்பும் பேசி, ஆறு ஆண்டுகள் ஆடியவர் தாம் விரும்பும் அணிக்குப் போகலாம் என்று முடிவு செய்தார்கள். ஆட்டம் கெட்டுப் போகவில்லை. ஆட்டக்காரர் சம்பளம் பல மடங்கு உயர்ந்தது, முதலாளிகளும் ஏழையாகிவிடவில்லை.

கர்ட் ஃபிளட் 1997 சனவரி 20-ஆம் நாள் காலமானார். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் பெரிய லீக் ஆட்டக்காரர்களுக்கும் ஏகபோகத் தடைச் சட்டத்தின் பாதுகாப்பை அளித்தது. அந்தச் சட்டத்துக்குக் கர்ட் ஃபிளட் சட்டம் என்றே பெயர்.

நேயர்களே, 1879-இல் மூடிய அறைக்குள் சில முதலாளிகள் போட்ட முடிச்சை அவிழ்க்க 96 ஆண்டுகள் ஆயின. வார்ட் முயன்றார், முடியவில்லை. ஃபிளட் தம் ஆட்ட வாழ்வையே கொடுத்தார், வழக்கில் தோற்றார். ஆனாலும் அவர் கேட்ட கேள்வியை நாடே கேட்கத் தொடங்கிற்று. அவருக்குத் துணை நிற்க அஞ்சியவர்கள் பின்னர் ஒன்றுபட்டு நின்றார்கள். இறுதியில் வெற்றி தந்தது ஒப்பந்தத்தில் இருந்த 'ஓராண்டு' என்ற ஒரு சொல். அது அத்தனை காலமும் அங்கேயேதான் இருந்தது. அதை ஊன்றிப் படித்து நியாயம் சொல்ல ஒரு பொதுவான ஆளைப் பெறுவதற்குத்தான் ஒரு சங்கம் தேவைப்பட்டது.

ஆகவே, நம் வீட்டுக்கு வரும் எந்தத் தாளிலும் கையெழுத்திடும் முன் அதை முழுவதும் படிப்போம். படிக்க இயலாதவர்கள் பள்ளிக்குப் போகும் பிள்ளையை அருகில் அமர்த்திப் படிக்கச் சொல்லிக் கேட்போம். நாம் அறியாத எந்தச் சொல் அதற்குள் நமக்காகக் காத்திருக்கிறதோ!