பல்வங்கர் பாலு: ஆட்டக்களத்துப் பெயர்களும் அவற்றின் எல்லையும்

1. முன்னுரை

இந்தியக் கிரிக்கெட்டின் முதல் பெரும் பந்துவீச்சாளராகக் கருதப்படும் பல்வங்கர் பாலுவின் வரலாறு, ராமச்சந்திர குகாவின் ஆங்கில நூல் 2002-இல் வெளிவந்த பின்னரே பரவலாக அறியப்பட்டது. அவ்வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர்க்கு இடர் தருவன ஆட்டக் கலைச்சொற்கள் அல்ல. பாலுவைச் சுட்டிய குழுப்பெயர்களே. அவை எவ்விடத்தில் யாரை உள்ளடக்கின, யாரை விலக்கின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. ஊரும் தொழிலும்

பாலு 1870-களின் நடுவில் தார்வாரில் பிறந்தவர். மராத்தியில் 'கர்' என்னும் ஈறு ஊரினரைச் சுட்டும். 'பல்வங்கர்' என்பது அவ்வாறு அமைந்த பெயர். அவருடைய சாதிப்பெயரான 'சமார்' என்பதோ, தோலைக் குறிக்கும் 'சர்ம' என்னும் வடசொல்லின் அடியாக வந்தது. முன்னது இடத்தையும் பின்னது தொழிலையும் சுட்டுகின்றன. தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிப் பகுதியிலிருந்து தாராவிக்குக் குடிபெயர்ந்த தமிழர்க்கு இத்தகைய பெயரின் சுமை புதிதன்று.

புணேயில் பார்சியர் சங்கமொன்றில் மாதம் 3 ரூபாய் ஊதியத்தில் ஆடுகளம் பேணிய பாலு, பின்னர் ஐரோப்பியரின் புணே சங்கத்தில் 4 ரூபாய்க்குச் சேர்ந்தார். அங்கு வலைப்பயிற்சியில் ஐரோப்பியர்க்குப் பந்து வீசி வீசியே இடக்கைச் சுழற்பந்தில் தேர்ந்தார். மட்டை பிடிக்கும் வாய்ப்பு அவருக்கு அளிக்கப்படவில்லை.

3. 'இந்து' என்னும் அணிப்பெயர்

ஐரோப்பியரை வெல்லும் நோக்கில் புணே இந்துக்கள் தம் அணியில் பாலுவைச் சேர்த்தனர். களத்தில் மற்றவர் தொட்ட பந்தையே அவரும் தொட்டார். தேநீர் இடைவேளையிலோ ஏனையோர்க்குப் பீங்கான் கோப்பை உள்ளே தரப்பட, அவருக்கு மண்குவளை வெளியே தரப்பட்டது. ஒரே நாளில், ஒரே மைதானத்தில், 'இந்து' என்னும் சொல் பாலுவை உள்ளடக்கியும் விலக்கியும் நின்றது.

பின்னர்ப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து இந்து ஜிம்கானா அணியில் ஆடினார். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ஓட்டங்களில் வென்ற ஆட்டத்தில் பாலுவும் தம்பி சிவராமும் பங்கேற்றனர். 1911-இல் பட்டியாலா மன்னர் தலைமையில் இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் பாலு 114 விக்கெட்டுகளை வீழ்த்தினார். எனினும் இந்து அணியின் தலைமை அவருக்குத் தரப்படவில்லை. 1913-இல் தலைவரான எம். டி. பாய், அப்பெருமை பாலுவுக்கே உரியது என்று வெளிப்படையாகக் கூறினார். 1923-இல் மற்றொரு தம்பியான விட்டல் அப்பதவியைப் பெற்றார்.

4. 'தாழ்ந்த', 'தாழ்த்தப்பட்ட'

அக்கால ஆங்கில ஆவணங்கள் பாலுவின் சமூகத்தைச் சுட்டிய தொடரைத் தமிழாக்குவதில் வினை வேறுபாடு முதன்மையானது. 'தாழ்ந்த' என்பது தன்வினை. தாழ்வு அம்மக்களின் இயல்பு என்னும் கருத்து அதில் தொக்கி நிற்கிறது. 'தாழ்த்தப்பட்ட' என்பது பிறவினையின் செயப்பாட்டு வடிவம். தாழ்த்தியவர் ஒருவர் உண்டு என்பதை அது உணர்த்துகிறது. ஆங்கில மூலச் சொல்லும் செயப்பாட்டுப் பொருளினதே. சென்னை மாகாணத்தில் எம். சி. ராஜா 1922-இல் சட்டமன்றத்தின் வழியே 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை வென்றெடுத்ததும், பெயரைச் சூட்டுபவர் யார் என்ற வினாவின் பாற்பட்டதே.

1932-இல் கையெழுத்தான புணே ஒப்பந்தத்தில் அம்பேத்கர், ராஜா, இரட்டைமலை சீனிவாசன் ஆகியோருடன் பாலுவும் ஒப்பமிட்டார். இம்மக்கள் தனித் தொகுதியினரா, இந்து வாக்காளருள் அடங்குவோரா என்பதே அங்கு எழுந்த வினா. தேநீர்க் குவளை எழுப்பிய வினாவும் இதுவே. 1935-இல் தாம் இந்துவாக இறக்கப்போவதில்லை என அம்பேத்கர் இயோலாவில் அறிவித்தார். 1937 தேர்தலில் பம்பாயில் காங்கிரசு வேட்பாளராக அவரை எதிர்த்து நின்ற பாலு 11,225 வாக்குகள் பெற்றுத் தோற்றார். அம்பேத்கர் பெற்றவை 13,245. வெளியே நின்று மண்குவளையில் பருகியவர் உள்ளே நின்றே உரிமை பெறலாம் என நம்பினார். மற்றவர் அந்நம்பிக்கையைக் கைவிட்டார்.

5. முடிவுரை

பாலு 1955-இல் மறைந்தார். அவர் வரலாற்றை மொழிபெயர்ப்போர் 'இந்து' என வருமிடந்தோறும் அது அணியைச் சுட்டுகிறதா, சமூகத்தைச் சுட்டுகிறதா, வாக்காளர் தொகுதியைச் சுட்டுகிறதா எனப் பிரித்தறிதல் வேண்டும். விட்டல் மராத்தியில் எழுதிய தன்வரலாற்றை ஆங்கில வழியாக அன்றி மூலத்திலிருந்தே தமிழாக்குதல் நலம். குடும்பத்தார் தம்மை எச்சொல்லால் சுட்டிக்கொண்டனர் என்பது அங்கேதான் தெளிவாகும்.