சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம், 1921

பிறர் மனையை வாடகைக்கு எடுத்து, அதில் சொந்தச் செலவில் கட்டடம் எழுப்பியவர்களைக் காக்கச் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்ட சட்டம். 1922ஆம் ஆண்டின் 3ஆம் எண் சட்டமாகப் பதிவானது. குடியிருப்பவர் அந்த மனையை நீதிமன்றம் வழியாக விலைக்கு வாங்கிக்கொள்ள இடமளித்தது இதன் தனித்தன்மை.

பின்னணி

மயிலாப்பூர் போன்ற பழைய பகுதிகளில் நிலம் ஒருவருக்கும் அதன்மேல் நிற்கும் வீடு இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பதுண்டு. வீட்டுக்காரர் நிலத்துக்கு அடிமனை வாடகை செலுத்துவார். நியாயமான வாடகை கொடுத்துவரும்வரை காலி செய்யச் சொல்லமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் கட்டியவர்களுக்குப் பாதுகாப்புத் தேவை என்று சட்டத்தின் முகவுரையே கூறுகிறது.

முக்கியப் பிரிவுகள்

வெளியேற்றப்படுபவருக்குக் கட்டடத்தின் மதிப்போடு, அவர் நட்ட மரங்களின் மதிப்பையும் இழப்பீடாகத் தர 3ஆம் பிரிவு வகைசெய்கிறது. 9ஆம் பிரிவின்படி, வெளியேற்ற வழக்கில் அழைப்பாணை பெற்றவர் ஒரு மாதத்துக்குள் நிலத்தை விற்க உத்தரவிடக் கோரலாம். முழு நிலமும் கிடைத்துவிடாது. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் சிறிய வீடு இருந்தால், அதில் வசதியாகக் குடியிருக்கக் குறைந்தபட்சம் எவ்வளவு நிலம் வேண்டும் என்று நீதிமன்றம் முதலில் கணக்கிடும். உத்தரவுக்கு முந்தைய மூன்றாண்டுச் சந்தை மதிப்பின் சராசரியே விலை. மூன்று மாதம் முதல் மூன்றாண்டு வரையிலான கெடுவுக்குள் தவணையாகக் கட்டலாம்.

கோயில் நிலங்கள்

1996ஆம் ஆண்டின் 2ஆம் எண் திருத்தச் சட்டம் எல்லாச் சமயங்களின் நிறுவனங்கள், அறக்கட்டளைகளின் நிலங்களுக்கு விலக்களித்தது. நிலுவையில் இருந்த மனுக்களும் அற்றுப்போயின. கபாலீசுவரர் கோயில் நிலத்தில் இயங்கிய மயிலாப்பூர் கிளப் இத்திருத்தத்தை எதிர்த்தது. 2005இல் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்றது. 9ஆம் பிரிவு தருவது சட்டம் வழங்கிய சலுகை, சொத்துரிமை அன்று என்று அந்நீதிமன்றம் 1962இலேயே சங்கராச்சாரிய மடம் தொடர்பான வழக்கில் கூறியிருந்தது.

பிற இடங்களில்

மும்பையில் 1986இல் சேர்க்கப்பட்ட சட்டப்பகுதியின்படி, பழைய கட்டடத்தில் குடியிருப்போரில் 70 விழுக்காட்டினர் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கேட்டால், மாத வாடகையைப்போல் 100 மடங்கு தொகைக்கு அரசு அதைக் கையகப்படுத்திச் சங்கத்திடம் ஒப்படைக்கலாம். இதையொட்டி எழுந்த வழக்கில், தனியார் சொத்து அனைத்தும் சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பர் 5 அன்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கியது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019இல், மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட கட்டடம் விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கும் வாய்ப்பை இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கு அளித்தது.

வரம்பு

சென்னைச் சட்டம் மனையை வாடகைக்கு எடுத்தவரையும் அவர் கட்டிய கட்டடத்தையும் மட்டுமே கருதியது; குடியிருப்போர் ஒன்றுசேர்ந்து அமைக்கும் சங்கங்களுக்கோ அடுக்குமாடி வாடகைதாரர்களுக்கோ அதில் இடமில்லை. 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டமும் வாங்கும் உரிமை தரவில்லை. தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பழைய அடுக்குமாடிகளை இடித்துக் கட்டுவது பற்றி, 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களே முடிவெடுக்கலாம். வாடகைதாரருக்கு அதில் வாக்கில்லை.