பழைய ஜீப்பை வீட்டிலேயே பராமரிக்க என்னென்ன கருவிகள் தேவை? வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பழைய ஜீப் ஒன்றை வாங்கி, லீவு நாளில் நாமே கிரீஸ் அடித்து, ஆயில் மாற்றி ஓட்ட வேண்டும் என்ற ஆசை உங்களுக்கு இருக்கிறதா? ஆன்லைனில் 'நூறு பீஸ் டூல் கிட்' ஆர்டர் போடும் முன் ஒரு நிமிஷம். இன்றைய கார்களுக்கான அந்தப் பெட்டியில், உங்கள் ஜீப்பின் பல போல்ட்டுகளுக்குப் பொருந்தும் ஸ்பேனரே இருக்காது.

இன்ச்சா, மில்லிமீட்டரா?

1940-களின் இறுதியில் அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் பூட்டத் தொடங்கிய மஹிந்திரா, பிறகு சிஜே3பி மாடலை உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. அமெரிக்க வடிவமைப்பு என்பதால் போல்ட்டுகள் இன்ச் அளவு.

1/2 இன்ச் என்பது 12.7 மி.மீ. அதில் 13 மி.மீ. ஸ்பேனர் போட்டால் பொருந்துகிற மாதிரிதான் தெரியும். துருப்பிடித்த போல்ட்டை அழுத்தித் திருப்பினால் தலை மழுங்கிடும். அப்புறம் பத்து நிமிஷ வேலை வெல்டிங் கடை வரை போகும். 9/16 இன்ச்சுக்கு 14 ஏறாது, 15 ஆடும். 3/4 இன்ச் மட்டும் 19 மி.மீ.-க்குக் கிட்டத்தட்ட சமம்.

பெஜோ டீசல் இன்ஜின் வைத்த எம்எம்540 போன்ற மாடல்களில் இரண்டு அளவுமே கலந்திருக்கும். ஜப்பானிய வடிவமைப்பான மாருதி ஜிப்ஸிக்கு மி.மீ. செட் போதும்.

வில்லிஸ் வகைக்கு 7/16, 1/2, 9/16, 5/8, 3/4 இன்ச் ரிங் ஸ்பேனர்களும், அதே அளவில் ஆறு பக்க சாக்கெட்டுகளும் முதலில் வாங்குங்கள். பெட்டியில் '1/2 இன்ச் டிரைவ்' என்று இருந்தால் அது கைப்பிடி பொருந்தும் சதுரத்தின் அளவுதான்; உள்ளே இருக்கும் சாக்கெட்டுகள் மி.மீ.-ஆக இருக்கலாம்.

வண்டிக்கு அடியில் போகும் முன்

ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான், தாங்குவதற்கு இல்லை. சுமார் ஒரு டன் எடையுள்ள வண்டி அது. ஹைட்ராலிக் ஜாக்கியில் சீல் விட்டால் அப்படியே இறங்கிடும். எனவே 2 அல்லது 3 டன் ஜாக்கியோடு, ஒரு ஜோடி ஜாக் ஸ்டாண்டும் கட்டாயம். செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கவே கூடாது; சொல்லாமல் நொறுங்கும்.

சக்கரத்துக்கு முட்டுக்கட்டையும் வேண்டும். வில்லிஸ் வகை ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது; டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் சுழலும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், டிஃபரென்ஷியல் காரணமாகத் தரையில் இருக்கும் இன்னொரு பின்சக்கரம் உருள முடியும். ஹேண்ட்பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும்!

இந்த ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் பெரும்பாலும் இடது மரை. கழற்ற வலப்பக்கம் திருப்ப வேண்டும். தெரியாமல் மறுபக்கம் மிதித்தால் போல்ட் முறியும்.

அடிக்கடி கைக்கு வருபவை

கிரீஸ் கன்: ஸ்பிரிங் ஷேக்கிள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட், ஸ்டீயரிங் ராடு என்று அடியில் பல இடங்களில் நிப்பிள் இருக்கும். துணியால் துடைத்துவிட்டு, பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடியுங்கள். தண்ணீரில் இறங்கி வந்த பிறகு இது தள்ளிப்போடக் கூடாத வேலை.

ஃபீலர் கேஜ்: பெட்ரோல் வில்லிஸ் இன்ஜினுக்கு பாயின்ட் இடைவெளி 0.020 இன்ச், ஸ்பார்க் பிளக் இடைவெளி 0.030 இன்ச். ஸ்டார்ட்டிங் ட்ரபுள் என்றால் முதலில் இங்கே பாருங்கள்.

மல்டிமீட்டர்: முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி, இன்ஜின் ஓடாதபோது சுமார் 12.6 காட்டும். ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறவில்லையென்றால், பேட்டரியை மாற்றும் முன் சார்ஜிங்கைச் சோதியுங்கள்.

இவற்றோடு துரு இளக்கும் ஸ்ப்ரே, டார்க் ரெஞ்ச், ஒரு தீயணைப்பான். கார்புரேட்டரைக் கழற்றினால் பெட்ரோல் சிந்தும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் தொடாதீர்கள்.

எதை மெக்கானிக்கிடம் விடலாம்?

பிரேக், ஸ்டீயரிங் இரண்டையும் அனுபவம் வரும் வரை நீங்களே பிரிக்க வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம் என்பதால், டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2021-ல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய, வணிகப் பயன்பாட்டில் இல்லாத வண்டியை 'விண்டேஜ்' வாகனமாகப் பதியலாம். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் சேஸி, பாடி, இன்ஜின் மூன்றும் பெரிய மாற்றம் இல்லாமல் அசல் வடிவில் இருக்க வேண்டும். அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புவது போன்றவற்றுக்கே அனுமதி.

அந்தப் பதிவு உங்கள் திட்டத்தில் இருந்தால், இன்ஜினை மாற்றச் சொல்லும் யோசனைக்குத் தலையாட்டும் முன் விதியை ஒருமுறை படித்துவிடுங்கள்.