மீட்ட நாய்க்கு வீட்டில் ஓர் இடம்: தற்காலிக வளர்ப்பில் இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோலாலம்பூர் - சாலையில் அடிபட்ட நாயைப் பார்த்துப் பரிதாபப்படப் பத்துப் பேர் இருப்பார்கள். கிளினிக்கில் கட்டுப் போட்டு முடிந்து, "இனி இதை எங்கே வைப்பது?" என்ற கேள்வி வரும்போது அந்தப் பத்துப் பேரில் ஒருவர் மிஞ்சினால் அதிர்ஷ்டம். அந்த ஒருவர் செய்வதுதான் தற்காலிக வளர்ப்பு. மீட்கப்பட்ட நாயை, நிரந்தரமாக வளர்க்க ஒருவர் கிடைக்கும்வரை, சில வாரங்களோ சில மாதங்களோ சொந்த வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது. இதற்குச் சம்பளம் கிடையாது, நாயும் நமக்குச் சொந்தமாகாது. தத்தெடுப்பு வேறு, இது வேறு.

இடம் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கிள்ளான் வட்டார மக்கள் 2009-இல் கண்டிருக்கிறார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் போகும் புலாவ் கெத்தாமில் தெரு நாய்கள் பெருகிவிட்டன என்று, கிராமத்தார் 300-க்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, ஆளில்லாத அலையாத்திக் காட்டுத் தீவுகளில் விட்டுவிட்டனர். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை, உணவும் இல்லை. பசியில் செத்த நாய்களை மற்ற நாய்கள் தின்றதாக வந்த செய்தி நாட்டையே உலுக்கியது. விலங்கு நல அமைப்பினரும் தொண்டூழியர்களும் படகில் உணவு கொண்டுபோய், பிடிபட்டவற்றை மீட்டு வந்தனர். கிராமத்தாரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மீட்கப்போனவர்களுக்கும் கரைக்கு வந்ததும் அதே கேள்விதான்: இத்தனை நாய்களையும் எங்கே வைப்பது?

அம்பாங்கில் 1958 முதல் இயங்கும் சிலாங்கூர் எஸ்பிசிஏ, சுபாங் வட்டாரத்தில் உள்ள பாவ்ஸ் போன்ற காப்பகங்களுக்கு இடப் பற்றாக்குறை தீராத தலைவலி. அதைவிடப் பெரிய சிக்கல் நோய். பார்வோ என்ற கிருமி குட்டிகளின் குடலைத் தாக்கி, வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாக ஓரிரு நாளில் உயிரைக் குடித்துவிடும். மண்ணிலும் தரையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, 16 வாரம் ஆகும்வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை தடுப்பூசி போட வேண்டும். அதுவரை கூட்டமான காப்பகத்தில் இருப்பதைவிட, வேறு நாய் இல்லாத ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். குட்டி போட்ட தாய் நாய், அறுவை சிகிச்சை முடிந்த நாய், மனிதரைக் கண்டாலே நடுங்கும் நாய் ஆகியவற்றுக்கும் வீடுதான் தேவைப்படுகிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியல்ல. லயத்து நாய் யாருடையது என்று யாரும் கேட்டதில்லை. நான்கு வீட்டுச் சோற்றில் அது வளர்ந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தபோது நாய்கள் பின்னால் விடப்பட்டன. ஆனால் அந்தப் பழக்கத்தில் கைவிட வேண்டியதும் உண்டு. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டி, மிச்சச் சோற்றில் குழம்பை ஊற்றி வைப்பது நாய் வளர்ப்பு ஆகாது. நம் குழம்பில் வெங்காயமும் பூண்டும் இல்லாமல் இருக்காது. இரண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. வேகவைத்த கோழி எலும்பு உடைந்து குடலைக் குத்தும். சாக்லேட் ஆகாது. பாயாசத்தில் போடும் உலர்ந்த திராட்சையும் ஆகாது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். உப்பு, மசாலை சேர்க்காமல் வேகவைத்த கோழியும் சோறும் சில நாள் சமாளிக்க உதவும். மற்றபடி அமைப்பினர் சொல்லும் தீவனமே நல்லது.

சம்மதம் சொல்லும் முன் வீட்டைப் பாருங்கள். தரை வீடானாலும் உரிமம் தேவை. கிள்ளான் அரச மாநகர் மன்றமோ கோலாலம்பூர் மாநகர் மன்றமோ, எந்த எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அங்கே ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். எத்தனை நாய் வைக்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம், வீட்டுக்கு வீடு மாறும். நேரில் கேட்டுவிடுவதே நல்லது. உரிமப் பட்டை இல்லாமல் வெளியே ஓடிய நாயை மன்றத்தார் பிடித்துப் போனால், மீட்டுக் கொண்டுவருவது எளிதல்ல.

பிரிக்பீல்ட்ஸ் போல அடுக்குமாடிகள் நிறைந்த இடங்களில் இன்னும் கவனம் வேண்டும. 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் பிராணியை வைத்திருக்கக் கூடாது. நிர்வாகம் எழுத்து மூலம் அறிவித்தால் மூன்று நாளுக்குள் அகற்ற வேண்டும். பயந்த நாயை மூன்றே நாளில் வேறு வீட்டுக்கு மாற்றுவது அதற்கு இரண்டாவது தண்டனை. வாடகை வீடென்றால் உரிமையாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டார் முஸ்லிம்களாக இருந்தால், நாயின் எச்சிலோ ஈர உடலோ பட்டால் அவர்கள் சமய முறைப்படி கழுவித் தூய்மை செய்ய வேண்டியிருக்கும். அவர்கள் வாசல் பக்கமோ மின்தூக்கியிலோ நாய் உரசாமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு. நாய் வருவதற்கு முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் பாதிப் பிரச்சினை எழாது.

அமைப்பினரிடம் கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவச் செலவு யாருடையது, தீவனம் யார் வாங்குவது, நடு இரவில் நாய்க்கு முடியாமல் போனால் யாரை அழைப்பது, யாரும் தத்தெடுக்க வராவிட்டால் எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும். பொதுவாக மருத்துவச் செலவை அமைப்பு ஏற்கும், ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வரியாவது எழுத்தில் இருக்கட்டும். நாய்க்குத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து கொடுக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். சரவாக்கில் 2017 முதல் வெறிநாய்க்கடி நோய் பரவி வருவதால், அந்தத் தடுப்பூசியை அலட்சியம் செய்ய முடியாது. எந்த நாய் கடித்தாலும் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று நாள் பெரும்பாலான நாய்கள் சரியாகச் சாப்பிடாது, மூலையில் ஒடுங்கும். அதை விருந்தினர் கூடிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகள் தூக்கிக் கொஞ்சவும் வேண்டாம். வீட்டில் ஏற்கனவே நாய் இருந்தால் இரண்டு வாரமாவது தனித்தனியே வையுங்கள், தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் வேறாக இருக்கட்டும். புது இடத்தின் ஒழுங்கு பிடிபட மூன்று வாரம், முழு நம்பிக்கை வர மூன்று மாதம் என்பது காப்பகத்தார் சொல்லும் கணக்கு. தீபாவளி நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் எடுபடாது. வெடிச் சத்தத்துக்கு மிரண்டு வேலி தாண்டி ஓடும் நாய்கள் ஏராளம். அந்த இரவுகளில் உள்ளறையில், மின்விசிறியோ தொலைக்காட்சியோ ஓட, கதவைச் சாத்தி வையுங்கள்.

அடித்துப் பழக்கலாம் என்று நினைப்பவர்கள் இதில் இறங்கவே வேண்டாம். 2015 விலங்கு நலச் சட்டப்படி, கொடுமைப்படுத்தியவருக்கு 20,000 ரிங்கிட் முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

பலரைத் தயங்க வைப்பது செலவல்ல, பிரிவு. "பழகிய பிறகு எப்படிக் கொடுப்பது?" என்பார்கள். கொடுக்க மனமில்லாமல் தாமே தத்தெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதில் தவறில்லை, ஆனால் அமைப்புக்கு ஒரு தற்காலிக வீடு குறைந்துவிடும் என்பதும் உண்மை. ஒரு நாயைக் கொடுத்த வீட்டில்தான் அடுத்த நாய்க்கு இடம் கிடைக்கும்.

கொடுக்கும் நாளில் நீங்கள் கவனித்ததையெல்லாம் எழுதிக் கொடுங்கள். எந்த நேரம் சாப்பிடும், எதற்குப் பயப்படும், பூனையைக் கண்டால் என்ன செய்யும், மோட்டார் சைக்கிளை விரட்டுமா என்றெல்லாம். காப்பகக் கூண்டில் இருந்த நாயைப் பற்றி இவ்வளவு விவரம் யாருக்கும் தெரிந்திருக்காது. கருத்தடை ஆகாத குட்டி என்றால், எப்போது, யார் செலவில் செய்வது என்பதை அன்றே பேசி முடித்துவிட்டு, உரிமத்தைப் புதியவர் பெயரில் எடுக்கச் சொல்லுங்கள்.