பட்டு நூலும் முன்பணமும்

நம் தோட்டத்தில் பெண்ணுக்குக் கலியாணம் என்றால் முதல் பேச்சே காஞ்சிபுரம் சேலைதான். கடையில் விலையைக் கேட்டதும், "அம்மாடி, இம்புட்டா!" என்று வாயைப் பிளக்கிறோம். பெற்றோர்களே, அந்தப் பணம் யார் யார் கைக்குப் போகிறது என்று சற்றே பார்ப்போம்.

காஞ்சியில் நெசவுதான் உண்டு. நூல் பெரும்பாலும் கன்னட நாட்டிலிருந்தும், ஜரிகை சூரத்திலிருந்தும் வருபவை. மைசூரில் இத்தொழிலுக்கு வித்திட்டவர் திப்பு சுல்தான். 1780களில் வங்காளத்திலிருந்து பட்டுப்புழுக்களை வரவழைத்தார். 1930களில் ஜப்பான் பட்டு மலிவாக வந்து குவியவும், குடியானவர்கள் பலர் மல்பெரிச் செடியையே கைவிட்டார்கள். போர் மூண்டு ஜப்பான் சரக்கு நின்றதும், பாராசூட் துணிக்காக அதே செடிக்கு மறுபடி மவுசு! நம் ரப்பர் விலையின் கதைதான், வேறென்ன?

பட்டுக்கூட்டை நெல் போல் சேர்த்து வைக்க முடியாது. சில நாட்களில் பூச்சி கூட்டைத் துளைத்து வெளியே வந்துவிடும். துளைபட்ட கூட்டில் நீளமான இழை எடுக்க இயலாது. ஆகவே விவசாயி அவசரமாக விற்கிறான். வாங்கியவன் புழுவை ஆவியில் கொன்று, கூட்டைக் கொதிநீரில் இட்டு, ராட்டையில் இழை எடுக்கிறான். வெந்நீரிலேயே கிடந்து விரல்கள் வெளுத்துப் போகும். நாற்றமோ சொல்ல முடியாது. ஒரு கிலோ நூலுக்கு எட்டு, பத்து கிலோ கூடு வேண்டும். செலவில் மிகப் பெரும் பகுதி கூட்டின் விலையே. சில நாள் கழிவு நூலையும் செத்த புழுவையும் விற்ற காசுதான் அவனுக்கு மிச்சம்.

1959இல் சட்டம் வந்தது. கூடுகள் அரசாங்க அங்காடியில் ஏலத்துக்கு வந்தன. ராமநகரம் அங்காடி ஆசியாவிலேயே பெரியது என்று பெயர் வாங்கியது. விவசாயிக்கு நல்ல காலம். ஆனால் சின்ன ராட்டைக்காரன் பாடு? கூட்டை ரொக்கத்துக்கு வாங்கி, நூலைக் கடனுக்கு விற்கிறான். இடையில் நூல் வியாபாரியிடமே கை நீட்டுகிறான். கடன் கொடுத்தவன் சொன்னதுதான் விலை.

தறியிலும் இதே கதைதான். முதலாளி பாவும் ஜரிகையும் கொடுத்து, கூடவே முன்பணமும் கொடுப்பார். அது தீரும்வரை வேறு இடம் போக முடியாது. கங்காணி கணக்கில் கடன்பட்டு வந்த நம் தாத்தாக்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 1935இல் கோ-ஆப்டெக்ஸ் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கங்கள் நூல் கொடுத்துக் கூலியும் கொடுத்தது பலருக்கு ஆறுதல்.

முன்பணம் பிள்ளைகளையும் விட்டு வைக்கவில்லை. கரையும் உடலும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலைக்குப் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு இப்படிக் கடனில் கட்டுண்ட பட்டுத்தொழில் பிள்ளைகளைப் பற்றி அறிக்கையே வெளியிட்டது. (அம்மாவோடு கட்டிப்பால் பொறுக்கப் போய் நானும் பள்ளிக்கு மட்டம் போட்டவன்தான். ஆனால் என்னை யாரும் அடகு வைக்கவில்லை.)

இன்று காஞ்சி நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் படித்துவிட்டுப் பக்கத்துக் கார்த் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். கோர்வைத் தறிக்குக் கூட உட்கார ஆள் கிடைப்பதே கஷ்டமாம்.